பொக்கேயில் புல்: உதிராத கதிர் எது, எப்போது வெட்டுவது?

கேள்வி இதுதான். வீட்டிலிருந்தபடியே பொக்கேயும் மேஜை அலங்காரமும் செய்து கொடுக்கிறார் ஒருவர். ரோஜா, ஜெர்பெரா, ஜிப்சோபிலா என்று எல்லாம் ஒரே அச்சில் வருகிறது, கொஞ்சம் புல் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஆசை. ஆன்லைனில் ஒரு கட்டு பாம்பாஸ் (பெரிய பஞ்சுக் கதிர் உள்ள காய்ந்த புல்) வாங்கினார். அறை முழுக்கப் பஞ்சு பறக்கிறது. ஆற்றோரத்து நாணல் பூவைப் பறித்து ஜாடியில் வைத்தார். மூன்றாம் நாள் மேஜையெல்லாம் தூள். எந்தப் புல் உதிராது, எப்போது வெட்டுவது, தண்ணீரில் எத்தனை நாள் நிற்கும், நம்மூரில் வளருமா என்று கேட்கிறார்.

உதிர்வதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. புல்லின் பூவுக்கு இதழ் இல்லை, தேன் இல்லை. வண்டைக் கூப்பிட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. மகரந்தத்தைக் காற்றில் விட வேண்டும், பிறகு விதையையும் விட வேண்டும், அவ்வளவுதான். நாணலில் நாம் பூ என்று பார்க்கும் வெள்ளைப் பஞ்சு, விதையைத் தூக்கிக்கொண்டு பறப்பதற்கான மயிர். விதை முற்ற முற்ற, அது காம்போடு சேரும் இடம் தானாகவே விட்டுப்போகும். ‘நன்றாக மலர்ந்துவிட்டது’ என்று நீங்கள் பறிக்கிற அன்றைக்குச் செடி விதையை அனுப்பத் தயாராக நிற்கிறது. அதைக் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே வைத்தால் வேறென்ன நடக்கும்?

ஆக, வழி இரண்டு. முற்றுவதற்கு முன்பே வெட்டிவிடலாம். அல்லது, உதிர்க்கும் பழக்கத்தையே விட்டுவிட்ட புல்லாகப் பார்த்து எடுக்கலாம். இரண்டாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அந்தப் புல் நம் வயலில் நிற்கிறது: நெல், தினை, கம்பு, கேழ்வரகு, சோளம். இவையெல்லாம் புல் குடும்பம்தான். காட்டுப் புல்லாக இருந்த காலத்தில் இவையும் உதிர்த்துக்கொண்டுதான் இருந்தன. கதிரிலேயே மணி நிற்கிற செடியைத்தான் மனிதனால் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர முடியும். அந்த விதைதான் மறுபடி விதைப்புக்கும் போகும். பல ஆயிரம் வருடம் இப்படியே போனதில் உதிராத குணம் நிலைத்துவிட்டது. இன்று நெல் உதிர வேண்டுமென்றால் நாம் அடிக்க வேண்டியிருக்கிறது. அலங்காரம் செய்பவருக்கு இதைவிட வசதி உண்டா?

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். பொக்கேக்கு ரோஜா ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறது. அதே கிருஷ்ணகிரி மாவட்டம்தான் கேழ்வரகுக்கும் பேர்போனது. ரோஜா வளரும் பாலிஹவுஸிலிருந்து நாலு வரப்பு தாண்டினால் கேழ்வரகுக் கொல்லை. இரண்டும் ஒரே ஜாடியில் சந்தித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நடுவில் தென் அமெரிக்காவின் பாம்பாஸ் கப்பலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பாம்பாஸ் ஒன்றும் கெட்ட பொருள் இல்லை, பெரிய மேடைக்கு அந்த உயரமும் பருமனும் வேறு எதிலும் கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் அதைப் பூங்கதிருக்கென்றே பயிரிட்டு ஐரோப்பாவின் வரவேற்பறைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு அதே கலிபோர்னியாவில் அது கடற்கரையும் மலைச்சரிவுமாகப் பரவி, இப்போது ஒழிக்க முடியாத களை. விதை தூவக்கூடிய ஒன்றை இங்கே தோட்டத்தில் நட்டு வளர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். காய்ந்த கட்டாக வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துப்போய் நன்றாக உதறி, கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி, ஹேர் ஸ்பிரேயை ஒரு முழம் தள்ளிப் பிடித்து மெல்லிசாக அடித்துக் காயவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி நம் கதிர்கள். முதலிடம் தினைக்கு. மணியைச் சுற்றி மெல்லிய முள்மயிர் இருப்பதால் தொட்டால் பூனை வால்; கதிர் நீண்டு தானாகவே வளைந்து தொங்கும். பச்சையாக வெட்டினால் பச்சையாகவே காயும், தாமதித்தால் பொன்னிறம். ரகத்தைப் பொறுத்துச் செம்மையும் ஊதாவும் ஓடும். மேஜை அலங்காரத்தில் ஜாடியின் விளிம்புக்கு வெளியே இரண்டு கதிர் சரிந்து நின்றால் போதும், அந்த ரோஜாக்களின் விறைப்பு போய்விடும்.

கம்பு நேராக நிற்கிற கதிர், கோடு போட உதவும். ஊதா இலையும் ஊதாக் கதிருமாக அலங்காரத்துக்கென்றே வந்த கம்பு ரகமும் உண்டு. ‘பர்ப்பிள் மெஜஸ்டி’ என்ற அந்த ரகம் 2003இல் அமெரிக்காவின் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் என்ற விதைச் சோதனை அமைப்பின் தங்கப் பதக்கம் வாங்கியது. அது இல்லாமலும் நாட்டுக் கம்பே போதும். கம்பில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் சூல்முடி வெளியே வரும், சில நாள் கழித்துத்தான் மகரந்தப்பை தொங்கும். மகரந்தப்பை வந்துவிட்டால் கதிரைத் தொட்டாலே கையில் மஞ்சள் தூசு. வெள்ளை மேஜை விரிப்பில் அது கறையாகும். ஆஸ்துமாக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் தும்மலில் ஆரம்பித்து வேறெங்கோ போய் முடியும். தூசு வருவதற்கு முன்பே வெட்டுங்கள். இல்லையென்றால் அது முழுக்க அடங்கி மணி பிடித்த பிறகு வெட்டுங்கள், நடுவில் வேண்டாம்.

கேழ்வரகு என் தனிப்பட்ட விருப்பம். விரல்களை உள்ளே மடக்கிய அந்தக் கதிர் பூவுக்குப் பூவாகவே நிற்கும், உதிரவும் உதிராது. சிறிய, அடர்த்தியான பொக்கேயில் ஜெர்பெராவுக்கு இடையில் மூன்று செருகிப் பாருங்கள். சாமைக்கும் பனிவரகுக்கும் கதிர் கலைந்து விரிந்திருக்கும், அதனால் ஜிப்சோபிலா செய்கிற வேலையை அவை செய்யும்: பூக்களுக்கு நடுவே காற்றை நிரப்பும். ஜவ்வாது மலை, கொல்லிமலைப் பக்கம் ஆள் தெரிந்தால் சாமைக் கதிர் கிடைக்கும். ஆனால் சாமையும் பனிவரகும் மற்றவை போல் இல்லை, முற்றினால் கொட்டிவிடும். பச்சையில் எடுக்க வேண்டும். சோளப் பூட்டை கனமானது. தரையில் வைக்கும் பெரிய ஜாடிக்கு மட்டும். வரகில் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை.

இப்போது வெட்டும் நேரம். கதிர் தொண்டையில் (வெளிவராமல் இலையுறைக்குள்) இருப்பது, வெளியே வருவது, பூப்பது, பால் பிடிப்பது, முற்றுவது என்று விவசாயி சொல்லும் கணக்கே உங்களுக்கும் கணக்கு. நாணல், ஃபவுண்டன் கிராஸ் (நர்சரியில் விற்கும் அலங்காரப் புல்) மாதிரிப் பஞ்சுக் கதிர்களைத் தொண்டையிலிருந்து பாதிக்கு மேல் வெளியே வந்ததும் வெட்ட வேண்டும், இன்னும் பட்டுப் போல ஒட்டிக்கொண்டு மினுங்குகிற சமயத்தில். ‘இது இன்னும் விரியவில்லையே’ என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள், வெட்டிய பிறகு தானே விரியும். தானியக் கதிர்களைப் பால் பிடிக்கும் பருவத்தில், மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகக் கசிகிற சமயத்தில் எடுத்தால் நிறமும் நிற்கும், தாளும் விறைப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் கதிரை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள். ஏதாவது விழுந்தால் அது வீட்டுக்குள் வரத் தகுதியில்லாத கதிர்.

வெட்டியதும் பலர் தடுமாறும் இடம் இலை. புல்லின் இலையில் மேல்பக்கம் பெரிய செல்கள் வரிசையாக இருக்கும். தண்ணீர் குறைந்ததும் அவை முதலில் சுருங்கும், இலை குழல் மாதிரி சுருண்டுகொள்ளும். வெயில் நேரத்தில் சோளத்தோகை சுருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். கதிருக்கு ஒன்றும் ஆகாது; ஆனால் சுருண்ட இலையால் மொத்த ஜாடியும் வாடின மாதிரி தெரியும். அதனால் தோகையைக் கழித்துவிடுங்கள். உருவி எடுக்கக்கூடாது, தாளோடு இலை சேரும் இடத்தில் கத்தரியால் நறுக்க வேண்டும். காரணம் இருக்கிறது. புல்லின் தாள் ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலேதான் வளர்கிறது. அந்த இடம் இளசாக, மெத்தென்று இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் இலையுறைதான் அதற்கு முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. உறையை உரித்துவிட்டால் இளந்தாள் அந்த இடத்தில் மடங்கி விழும். நன்றாக இருந்த கதிர் மறுநாள் தலை குப்புறத் தொங்குகிறது என்று சொல்பவர்களிடம் கேட்டால் முக்கால்வாசி இந்தக் காரணம்தான் இருக்கும். தண்ணீருக்குள் மூழ்குகிற பகுதியில் மட்டும் உறையை எடுங்கள், இல்லையென்றால் அது அழுகித் தண்ணீர் நாறும்.

இலையின் ஓரத்தில் மணல் சத்து ஏறியிருப்பதால் அது ரம்பம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முழுக்கைச் சட்டையும் நல்லது. சுணை பட்டால் அன்று முழுக்க அரிப்பு. கத்தரியும் சீக்கிரம் மழுங்கும்; ரோஜாவுக்கு வைத்திருக்கும் நல்ல கத்தரியை இதற்குத் தொடாதீர்கள், கருக்கரிவாளே சிறந்தது.

விடிகாலையில் வெட்டி, தாளின் அடியைச் சாய்வாக ஒருமுறை நறுக்கி, உடனே வாளித் தண்ணீரில் நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். ஜப்பானில் இகெபானா என்ற பூ அடுக்கும் கலை செய்பவர்கள் ‘சுசுகி’ என்ற புல்லை வெட்டியதும் அதன் அடியைக் கொஞ்ச நேரம் வினிகரில் நனைத்துவிட்டுத் தண்ணீரில் வைப்பார்கள். இலையுதிர் காலத்து முழுநிலா நாளில் அரிசி உருண்டையோடு படைக்கும் புல் அது, நம் நாணலுக்கு நெருங்கிய உறவு. நாணலில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஜாடியில் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போதும், தினமும் மாற்றுங்கள். தானியக் கதிர்கள் ஒரு வாரம் தாராளமாக நிற்கும், பல சமயம் பத்து நாள் வரை போகும். பூதான் முதலில் வாடும். வாடின பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவை அதே கதிர்களுக்கு நடுவில் சொருகிக்கொள்ளலாம்.

பூ செருகும் ஈர ஃபோமில் செருகும்போது மெல்லிய தாள் மடங்கும். தென்னை ஈர்க்கை எடுத்துத் தாளின் துளைக்குள் நுழையுங்கள், இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நெல், தினை மாதிரிப் புற்களின் தாள் நடுவில் வெற்றுக் குழல் (கம்பும் சோளமும் அப்படியில்லை, உள்ளே சோறு இருக்கும்). தண்ணீர் ஏறுவது சுவர் வழியாக. அதனால் ஈர்க்கு உள்ளே போனாலும் தண்ணீர் தடைபடாது. தாளின் நுனியும் ஃபோமுக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோமே வேண்டாம் என்பவர்கள் ஜாடிக்குள் கோழிவலையைச் சுருட்டி வைத்தால் புல்லுக்கு அது இன்னும் நல்லது, தாள் தன் இஷ்டத்துக்குச் சாயும்.

அடுக்கும் முறைக்கு நீளமான விதிகள் எதுவும் என்னிடம் இல்லை. புல்லைக் கடைசியில் வையுங்கள். பூக்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகு எங்கே வெறுமை இருக்கிறதோ அங்கே மட்டும். ஜாடி முழுக்கச் சமமாகத் தூவினாற்போல் வைப்பதுதான் பெரிய தவறு, பார்த்தால் களை எடுக்காத பாத்தி. ஒரு பக்கமாகச் சேர்த்து, உயரம் ஏற்றத்தாழ்வாக வைத்தால் காற்று ஒரு திசையிலிருந்து அடிப்பது போல ஒரு ஓட்டம் கிடைக்கும். பஞ்சுக் கதிருக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், அப்போதுதான் ஓரம் ஒளிரும். முன்னால் ஃபிளாஷ் அடித்து எடுத்தால் படத்தில் வெறும் ஒட்டடை. ஜோடி சேர்ப்பதில் நம் பூக்களை மறக்காதீர்கள். கோழிக்கொண்டையோடு ஊதாக் கம்பு, சம்பங்கியோடு பச்சைத் தினை, வாடாமல்லியோடு கேழ்வரகு. கடைசி ஜோடி இரண்டுமே காய்ந்தாலும் வடிவம் மாறாது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஹெலிகோனியா, ஆந்தூரியம் போன்ற தடித்த பூக்களோடு மெல்லிய புல் பொருந்தாது. அவற்றுக்கு நர்சரிகளில் அம்பர்லா பாம் என்று விற்கும் குடைக்கோரைதான் சரி. அது புல் இல்லை, கோரை. தண்டைத் தடவினால் மூன்று பட்டை தெரியும். வெட்டுத் தழையாக நன்றாகவே உழைக்கும்.

காய வைப்பதாக இருந்தால் பனி காய்ந்த பிறகு வெட்டி, பத்துப் பதினைந்தாகக் கட்டி, இருட்டான காற்றோட்டமுள்ள அறையில் தலைகீழாக இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து வைக்கோல் ஆகிவிடும். வளைவு வேண்டுமென்றால் தலைகீழாக வேண்டாம், வெறும் ஜாடியில் நிமிர்த்தி வைத்தே காய விடலாம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் காய வைக்க முயற்சி செய்யாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மாசிக்குப் பிறகு செய்யுங்கள். விறைக்காமல் துவளத் துவள வேண்டுமென்றால் ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, புதுத் தாளை அதில் சில நாள் நிறுத்தினால் அது உறிஞ்சிக்கொள்ளும். தானியக் கதிருக்கு ஒரு தொல்லை உண்டு, வண்டும் அந்தும். காய்ந்த கட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் மூன்று நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டையோடு போய்விடும். பால்கனியில் வைத்தால் குருவி வரும். அதற்கென்றே நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்ட ஊர்தானே நம்முடையது, அது நஷ்டமில்லை.

கல்யாண மேடைக்குக் காய்ந்த புல்லை வைக்கும் முன் ஒரு வார்த்தை. குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, ஹோம குண்டம் இருக்கும் மேடையில் காய்ந்த பாம்பாஸும் நாணலும் பஞ்சுத் திரி மாதிரிப் பற்றும். ஹேர் ஸ்பிரே அடித்தது என்றால் இன்னும் மோசம். தீ இருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, நுழைவாயிலிலோ போட்டோ எடுக்கும் இடத்திலோ வையுங்கள். அங்கேயும் சூடாகும் ஃபோகஸ் விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம். காய்ந்ததை மங்கல காரியத்தில் வைக்கக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் வாதாடவும் வேண்டாம். பச்சை நெற்கதிரும் தினைக்கதிரும் கொண்டுபோங்கள், முகம் மலரும். பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை, சாமிக்கு வெட்டிவேர் மாலை, கல்யாணத்தில் பாலிகை, அம்மன் கோயிலில் முளைப்பாரி என்று புல்லை முன்னால் வைத்தே பழகியவர்கள் நாம்.

வழியோரத்தில் பறிப்பது பற்றி: இளஞ்சிவப்பாகப் புகை போல நிற்கிற புல்லும், விரல் விரித்தாற்போல ஊதாக் கதிர் விடும் மயில்கொண்டைப் புல்லும் அன்றைக்கு மட்டும் நிற்கும் அலங்காரத்துக்கு ஏற்றவை. ஊசிப்புல்லைத் தொடாதீர்கள், அதன் முறுக்கிய ஊசி பட்டுப்புடவையில் ஏறினால் எடுப்பதற்குள் நூல் வந்துவிடும். ஒட்டுப்புல்லும் அப்படியே. நீலகிரி, கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளிகளில் கை வைக்க வேண்டாம், அது காடு.

வளர்ப்பதற்குத் தினையும் கம்பும்தான் சுலபம், மொட்டைமாடித் தொட்டியிலேயே வரும். விதைக்கென்று தனியாகத் தேட வேண்டாம், தோல் நீக்காத தினையாக இருந்தால் முளைக்கும். கடையில் கிடைக்கும் தினையரிசி முளைக்காது. கதிர் வர 45 முதல் 55 நாள் ஆகும், கேழ்வரகுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் கூட. மொத்தமாக விதைத்தால் எல்லாக் கதிரும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒரு வரிசையாக விதையுங்கள். விளைச்சலுக்கு விடுவதைவிட நெருக்கமாக விதைத்தால் தாள் மெலிந்து நீண்டு வரும், நமக்கு வேண்டியது அதுதான். யூரியாவை அள்ளிப் போட்டால் கதிர் பெருத்துத் தாள் சாயும். கிளிக்கு வலை கட்டுங்கள். வள்ளி ஆலோலம் பாடி விரட்டியதும் இதே தினைக்குத்தான், நமக்கு அந்தப் பொறுமை கிடையாது. முயல் வால் மாதிரி இருக்கும் பன்னி டெயில், மத்தியதரைக் கடல் நாட்டுப் புல். ஊட்டிக் குளிரில் வரும், கோவை வெயிலில் அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள், காய்ந்ததாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

நர்சரியில் வாங்குவதாக இருந்தால் சிவந்த இலையுள்ள ஃபவுண்டன் கிராஸ் ஒன்று போதும். அது பெரும்பாலும் விதை கட்டாது, அதனால் பரவும் பயம் இல்லை. விதை கட்டும் பச்சை இலை வகை ஹவாயில் பெரிய களையாகிவிட்டது, அதை வாங்க வேண்டாம். நல்ல வெயிலில் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை அடியில் ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டால் புதுத் தூர் கிளம்பிக் கதிர் தள்ளும். இரண்டு வருடத்தில் தொட்டி நிறைந்ததும் மழைக்கு முன்னால் மண்ணோடு எடுத்து, அரிவாளால் நாலாகப் பிளந்து, நாலு தொட்டியில் வையுங்கள். அதன் கதிரைப் பச்சையாக மட்டும் பயன்படுத்துங்கள், காய்ந்தால் கொட்டும்.